முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

அங்கன்வாடிக்கு வழிகாட்டிய தாராபாய் மோடக் வாழ்க்கை வரலாறு

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு அங்கன்வாடி என்ற சொல் புதிதல்ல. தாராவியில் காலை வேளையில் பார்த்தால், வேலைக்குப் புறப்பட்ட தாய்மார்கள் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் பிள்ளையுமாக அங்கே போவதைக் காணலாம். பிள்ளைக்குச் சத்துணவு கிடைக்கிறது, தடுப்பூசி கிடைக்கிறது, நாலு பாட்டு தெரிகிறது என்ற அளவில் அதை எல்லோரும் அறிவார்கள்.

மராத்தியில் அங்கன் என்றால் வீட்டு முற்றம். வாடி என்றால் தோட்டம். முற்றத்தில் உள்ள குழந்தைகள் தோட்டம் என்று பொருள் கொள்ளலாம். அரசாங்கக் கட்டடத்தில் நடக்கும் ஒன்றுக்கு முற்றம் என்று ஏன் பெயர் வந்தது? அதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் நாயகி தாராபாய் மோடக் அம்மையார்.

அவர் மந்திரிப் பதவி வகித்தவர் அல்லர். ஆனால் சிறு குழந்தைகளுக்காக மத்திய அரசு 1975-ல் நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு 30 ஆண்டுகள் முன்னதாகவே அந்த வேலையை ஒரு கடலோரக் கிராமத்தில் அவர் செய்து காட்டியிருந்தார். திட்டம் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

சீர்திருத்தக் குடும்பம்

தாராபாய் 1892-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை சதாசிவராவ். தாயார் உமாபாய். இருவரும் பிரார்த்தனை சமாஜத்தைச் சேர்ந்தவர்கள். விதவைத் திருமணம் என்றாலே ஊர் ஒதுக்கி வைத்த அந்தக் காலத்தில், சதாசிவராவ் ஒரு விதவையைத் துணிந்து மணந்து கொண்டவர். அந்த விதவைதான் உமாபாய்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்ததால் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற பேச்சு எழவில்லை. 1914-ல் தாராபாய் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். பெண் பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணக்கூடிய காலம் அது.

அமராவதியைச் சேர்ந்த வக்கீல் மோடக்கை அவர் மணந்து கொண்டார். ஆனால் இல்லறம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1921-ல் இருவரும் பிரிந்தனர். கையில் ஒரு பெண் குழந்தை. பிறந்த வீட்டில் போய் உட்கார அவர் விரும்பவில்லை. வேலை தேடினார். ராஜ்கோட்டில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளிக்கும் பெண்கள் கல்லூரியில் முதல்வர் பதவி கிடைத்தது. நல்ல பதவி, நல்ல சம்பளம். அத்துடன் அவர் காலம் நிம்மதியாகக் கழிந்திருக்கும். ஆனால் பக்கத்து ஊரில் நடந்த ஒரு சங்கதி அவருடைய வாழ்க்கையை வேறு திசையில் திருப்பிவிட்டது.

மீசை வைத்த அம்மா

ராஜ்கோட்டுக்குக் கிழக்கே உள்ளது பாவ்நகர். அங்கே நானாபாய் பட் என்ற கல்வியாளர் தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிலையத்தை நடத்தி வந்தார். அதில் கிஜுபாய் பதேகா என்பவர் சேர்ந்திருந்தார். கிஜுபாய் தொழிலால் வக்கீல். ஆப்பிரிக்கா வரை போய் வந்தவர். தமக்கு மகன் பிறந்தபிறகு, குழந்தையை எப்படி வளர்ப்பது என்று புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியவர், கோர்ட்டையே மறந்துவிட்டார். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை அவரை ஆட்கொண்டது. 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார்.

அந்தப் பள்ளியில் அடி கிடையாது. மனப்பாடம் கிடையாது. பரிசும் கிடையாது, தண்டனையும் கிடையாது. கதை, ஆட்டம், பாட்டு, களிமண், தோட்டம் இவையே பாடம். பெரிய மீசையும் தாயுள்ளமும் கொண்ட கிஜுபாயை மக்கள் மீசை வைத்த அம்மா என்று செல்லமாக அழைத்தார்கள்.

1923-ல் தாராபாய் கல்லூரி முதல்வர் பதவியை உதறிவிட்டு பாவ்நகருக்கு வந்து கிஜுபாயுடன் சேர்ந்தார். தாய்மொழி மராத்தி. ஆனாலும் குஜராத்தியில் கற்பிக்கவும் எழுதவும் பழகிக் கொண்டார். ஒன்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1926-ல் இருவரும் சேர்ந்து நூதன பால சிட்சண சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். சிட்சண பத்திரிகா என்ற இதழையும் நடத்தினர். பிற்காலத்தில் அந்த இதழை மராத்தியிலும் கொண்டு வந்தவர் தாராபாய்தான்.

மாண்டிசோரி முறையைப் போற்றிய இருவருக்கும் ஒரு கவலை இருந்தது. அந்த முறைக்கு வேண்டிய மரக்கட்டைகளும் உருளைகளும் மணிகளும் விலை கூடியவை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே அவை எட்டும். கூலிக்காரன் பிள்ளைக்கு என்ன வழி? இந்தக் கேள்வி தாராபாயை விட்டு நீங்கவில்லை.

தாதரில் சிசு விகார்

பாவ்நகரிலிருந்து பம்பாய் திரும்பிய அவர், 1936-ல் தாதரில் சிசு விகார் என்ற மழலையர் பள்ளியை நிறுவினார். ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரும் பிரிவும் அதனுடன் இருந்தது. தாதர், மாதுங்கா வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

1939-ல் கிஜுபாய் காலமானார். அதே ஆண்டில்தான் மாண்டிசோரி அம்மையாரே இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் தங்கிப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போர் மூண்டதால் அவர் ஊர் திரும்ப முடியாமல், கோடைக்கானலிலும் சில காலம் தங்கினார். மழலையர் கல்வி பற்றி நாட்டில் படித்தவர்களிடையே பேச்சு பரவியது அந்தச் சமயத்தில்தான். 1944-ல் வெளிவந்த சார்ஜண்ட் கல்வி அறிக்கைகூட, மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளில் பத்து லட்சம் பேருக்கு நர்சரிப் பள்ளி வேண்டும் என்று சொல்லியது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

1945-ல் காந்தியடிகள் தம் ஆதாரக் கல்வித் திட்டத்தை விரிவுபடுத்தி, பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளையும் அதில் சேர்த்தார். நகரத்தில் செய்ததைக் கிராமத்தில் செய்து காட்ட வேண்டும் என்று தாராபாய் முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 53. பலரும் ஓய்வு பற்றி நினைக்கத் தொடங்கும் வயது அது.

போர்டி கிராமம்

மேற்கு ரயில் பாதையில் மும்பையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோ மீட்டர் தூரத்தில் தஹாணு ரோடு நிலையம். 2013 முதல் புறநகர் மின்சார ரயில் அங்கே வரை ஓடுகிறது. அடுத்த நிலையம் கோல்வட். அங்கே இறங்கினால் போர்டி கிராமம் பக்கம். ஒருபுறம் கடல், மறுபுறம் சப்போட்டாத் தோட்டங்கள். அன்று தாணா மாவட்டம், 2014 முதல் பால்கர் மாவட்டம். தாராபாய் அங்கே போன காலத்தில் அது பி.பி. அண்டு சி.ஐ. ரயில்வே.

தோட்டங்களுக்கு அப்பால் குன்றுகளில் வார்லி ஆதிவாசிகள் வாழ்ந்தார்கள். நிலச்சுவான்தார்களிடம் கடனுக்குக் கட்டுப்பட்டு, கூலியில்லாத வேலை செய்து நொந்தவர்கள். அந்தக் கொடுமையை எதிர்த்து வார்லிகள் கிசான் சபையின் கீழ் கிளர்ந்தெழுந்ததும் அதே 1945-ம் ஆண்டுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் போர்டியில் கிராம பால சிட்சண கேந்திரம் என்ற பெயரில் தாராபாய் தம் பள்ளியைத் திறந்தார்.

வராத பிள்ளைகள்

பள்ளி திறந்தாயிற்று. ஊரில் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். யாருக்காகப் பள்ளி திறக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகள் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்தும் ஏழைத் தொழிலாளர் குடிசைகளிலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தாயும் தகப்பனும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊரின் மறுகோடிக்கு அழைத்துப் போக ஆள் இல்லை. நல்ல துணியும் இல்லை. மேல்சாதிப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பார்களா என்ற பயம் வேறு.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், இந்த மக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். தாராபாய் பழியைப் பிள்ளைகள் மேலும் பெற்றோர் மேலும் போடவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று தீர்மானித்தார்.

ஆசிரியைகள் நாள்தோறும் குடியிருப்புக்கே போனார்கள். யாராவது ஒரு வீட்டு முற்றத்தைப் பெருக்கி, பிள்ளைகளைக் கூட்டினார்கள். முதல் வேலை பாடம் அல்ல. குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பேன் பார்த்துத் தலைவாருவது. பிறகு பாட்டும் கதையும் விளையாட்டும். வெளிநாட்டுக் கருவிகளின் இடத்தில் கடற்கரைக் கிளிஞ்சல்களும் கூழாங்கற்களும் விதைகளும் இலைகளும் மூங்கில் துண்டுகளும் வந்தன. எண்ணுவதற்கு விதை, வகை பிரிப்பதற்கு இலை, அடுக்குவதற்குக் கிளிஞ்சல். காசு செலவில்லை. உடைந்தாலும் கவலையில்லை.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. முற்றத்தில் நடப்பதைத் தாயும் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் கழுவித் துடைப்பதையும், அடிக்காமல் பேசிப் பழக்குவதையும் யாரும் உபதேசம் செய்யாமலே தெரிந்து கொண்டார்கள். இந்த முற்றத்துப் பள்ளிதான் அங்கன்வாடி.

கூட நின்றவர்

இந்த வேலையைத் தாராபாய் ஒருவராகச் செய்யவில்லை. அவருக்கு வலக்கரமாக இருந்தவர் அனுதாய் வாக். புனே மாவட்டம் மோர்கானில் 1910-ல் பிறந்தவர். 13 வயதில் கல்யாணம். சில மாதங்களிலேயே விதவை. அதோடு வாழ்க்கை முடிந்தது என்று மூலையில் உட்கார மறுத்து, படித்து ஆசிரியை ஆனவர். புனேயில் ஒரு பெண்கள் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1945-ல் போரிவலியில் கஸ்தூரிபா டிரஸ்ட் நடத்திய பயிற்சி முகாமுக்கு வந்தபோது தாராபாயைச் சந்தித்தார். நகரத்து வேலையை விட்டுவிட்டு போர்டிக்கு வந்து சேர்ந்தார். வேலைக்கு நடுவே விடாமல் படித்து, ஐம்பது வயதை ஒட்டி பி.ஏ. பட்டமும் பெற்றவர் அவர்.

ஒருவர் திட்டம் வகுப்பார், எழுதுவார், அரசாங்கத்தோடு பேசுவார். மற்றவர் குடிசை குடிசையாக நடப்பார். பெரியவர் சிறியவருக்கு ஆணையிடும் முறை அங்கே இல்லை. பாவ்நகரில் கிஜுபாய் தம்மைச் சமமாக நடத்தியதைத் தாராபாய் மறக்கவில்லை. அதே மாதிரி அனுதாயை வளர்த்தார். தமக்குப் பிறகு வேலை நிற்காமல் ஓடியதற்கு இதுவே காரணம்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தாராபாய் பம்பாய் சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தார். அரசாங்கம் அமைத்த கல்விக் கமிட்டிகளிலும் பணியாற்றினார். கமிட்டியில் உட்கார்ந்து யோசனை சொல்பவர்களில், கிராமத்து முற்றத்தில் பிள்ளைக்குப் பேன் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

கோஸ்பாட் குன்றில்

1950-களின் பிற்பகுதியில் பள்ளி போர்டியிலிருந்து கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அது வார்லிகள் வாழும் இடம். அங்கே இன்னொரு சிக்கல் எதிர்ப்பட்டது.

ஆறேழு வயதுப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. ஏனென்றால் அவர்கள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அம்மா காட்டு வேலைக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்வது அக்காள் பொறுப்பு. ஆண் பிள்ளைகளோ மாடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

இலவசக் கல்வி என்று அறிவித்தால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. தாராபாயும் அனுதாயும் விகாஸ்வாடி என்ற முறையை வகுத்தார்கள். கைக்குழந்தைகளுக்குக் காப்பகம், சிறு பிள்ளைகளுக்குப் பாலவாடி, பெரிய பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளி, மூன்றும் ஒரே வளாகத்தில். தம்பியைத் தூக்கிக் கொண்டு வரும் அக்காள் அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்பில் உட்காரலாம். இடைவேளையில் எட்டிப் பார்த்துக் கொள்ளலாம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. பகலில் வர முடியாதவர்களுக்கு இரவுப் பள்ளி.

குழந்தையின் பசி ஓர் இலாகா, நோய் ஓர் இலாகா, படிப்பு ஓர் இலாகா என்று பிரிந்து கிடந்தால் குழந்தைக்கு ஒன்றும் முழுதாகப் போய்ச் சேராது என்பதே கோஸ்பாட் கற்றுத் தந்த பாடம். 1962-ல் மத்திய அரசு தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி அவர் காலமானார்.

அரசாங்கம் விழித்தது

அந்த ஆண்டுகளில் டில்லியிலும் இதே பாடத்தைச் சிலர் உணரத் தொடங்கியிருந்தார்கள். 1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், கிராமப் பாலவாடிகளுக்கு மானியம் கொடுத்து வந்தது. ஆனால் பால் கொடுப்பது ஒருவர், ஊசி போடுவது ஒருவர், பாட்டுச் சொல்லிக் கொடுப்பது ஒருவர் என்று வேலை சிதறிக் கிடந்தது. பணம் செலவானது, பலன் கிட்டவில்லை. 1972-ல் திட்டக் கமிஷன் அமைத்த, பல அமைச்சகங்கள் கலந்த ஆய்வுக் குழுக்களும் இதையே கண்டன.

அதே ஆண்டு, பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகள் பற்றி ஆராய்ந்த ஒரு கல்விக் குழுவும், உணவு, உடல்நலம், கல்வி எல்லாம் சேர்ந்த சேவை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதன் தலைவர் மீனா சுவாமிநாதன். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார். வாஸவேச்வரம் நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர் இதில் பங்கு கொண்டது குறிப்பிடத்தக்கது.

1974-ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதார அறிவு, பள்ளிக்கு முந்திய கல்வி ஆகிய ஆறு சேவைகளும் ஒரே இடத்தில். அந்தந்த ஊர்ப் பெண்ணே பணியாளர். சுகாதார இலாகாவின் நர்சும் அங்கேயே வந்து ஊசி போட வேண்டும். அந்த இடத்துக்கு வைத்த பெயர் அங்கன்வாடி.

தாராவிக்கு வந்தது

முதல் 33 இடங்களில் ஒன்று தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள், இத்திட்டத்தின் முதல் பயனைப் பெற்றவர்களில் அடங்குவர். கோஸ்பாட் குன்றில் வார்லிப் பிள்ளைக்காக யோசித்த யோசனை, தாராவிச் சந்தில் தமிழ்ப் பிள்ளைக்குப் பயன்பட்டது.

திட்டம் மெதுவாகத்தான் பரவியது. 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு வேகம் பிடித்தது. இன்று நாட்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

ஆனால் தாராபாய் செய்து காட்டிய எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக் கொள்ளவில்லை. கோஸ்பாட்டின் உயிர்நாடியான கைக்குழந்தைக் காப்பகம் இத்திட்டத்தில் சேரவில்லை. அங்கன்வாடி சில மணி நேரத்தில் மூடிவிடும். அதற்குப் பிறகு, வேலைக்குப் போன தாய் திரும்பி வரும் வரை தம்பியைப் பார்த்துக் கொள்ள அக்காள்தான் வீட்டில் நிற்க வேண்டும். 2022-க்குப் பிறகே பால்னா என்ற பெயரில் சில இடங்களில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கத் தொடங்கினார்கள். கஞ்சி ஊற்றும் இடமாக மட்டும் சில அங்கன்வாடிகள் சுருங்கிப் போனதும் உண்டு. அங்கே பாட்டும் கதையும் பின்னுக்குப் போயின.

பணியாளர்களின் கதையும் இதுவே. ஆறு சேவைகளையும் சுமக்கும் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம் என்றே பெயர். அவர்களுக்குப் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

தாராபாய்க்குப் பிறகு கோஸ்பாட் பள்ளியைக் கட்டிக் காத்த அனுதாய் வாக், 1984-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1992-ல் காலமானார். முதல் அங்கன்வாடிக்குக் கட்டடம் இல்லை, மானியம் இல்லை, கடிதாசி இல்லை. பெருக்கி வைத்த ஒரு முற்றமும், பிள்ளை ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்ட இரண்டு பெண்களும் இருந்தார்கள். தாராவியில் இன்று காலை பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு அவர்களுடைய பெயர் தெரியாமல் இருக்கலாம். அவள் பிள்ளை உட்கார்ந்திருப்பது அவர்கள் பெருக்கி வைத்த முற்றத்தில்தான்.